அக்காவின் பதவியேற்பு உரை

அமெரிக்க அதிபர்கள் பதவியேற்றதும் ஆற்றுகிற முதல் உரைகளைப் பதினான்கு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் இல்லை; நாடே கலங்கிக் கிடந்தபோது பேசப்பட்டவற்றை மட்டும். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்த தலைப்பு அது. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திண்டிவனம் போய் அரசியல் அறிவியல் நடத்துகிற ஒரு கௌரவ விரிவுரையாளருக்கு இது எதற்கு என்று என் நெறியாளரே கேட்டார். ஏதோ சொல்லி மழுப்பினேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. உருப்படியான தலைப்பு எடுத்தவர்கள் எல்லாம் என்ன கிழித்துவிட்டார்களாம்?

உண்மையைச் சொன்னால், அக்காவால்தான். திண்டிவனத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் பின்கட்டு என்று ஒரு பத்தடி இடம் உண்டு. பள்ளியில் பேச்சுப் போட்டி வந்துவிட்டால் அக்கா அங்கே நடந்துகொண்டே பேசிப் பார்ப்பாள். நான் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரே சபை. அவளுக்குத் தாள் பிடிக்காது. தலைப்பை மட்டும் தெரிந்துகொண்டு, காலையில் பல் துலக்கும்போது யோசித்து, அங்கேயே பேசிவிடுவாள். வெள்ளம் வந்த வருஷம் ஒன்றில் அவள் வெள்ளத்தைப் பற்றிப் பேசியபோது தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். கெட்ட நேரத்தில் ஒருவர் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசினால் கேட்கிறவர்களுக்கு உள்ளே என்னவோ ஆகிறது. அது என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை படிப்பும்.

பிளஸ் டூ முடித்த கையோடு அவளை முகையூர் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாமா நல்லவர். கரும்பு போடுகிறவர், கட்சிக்காரர், வாய் ஓயாதவர். வீட்டில் ஒரு ஆள் ஓயாமல் பேசினால் இன்னொருவர் கேட்கத்தான் வேண்டும். அக்கா கேட்கிறவளாகிவிட்டாள்.

ஆனாலும் என்னிடம் பேசுவாள். ஆராய்ச்சி செய்த வருஷங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். களத்தில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடிகள், அதாவது வேர்க்கடலை, குவிந்திருக்கும். அவள் உட்கார்ந்து காய் ஆய்வாள். நான் அந்த உரைகளைத் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். வங்கிகள் எல்லாம் இழுத்து மூடிக் கிடந்தபோது பதவியேற்றவரைப் பற்றிச் சொன்னேன். பயப்படாதீர்கள் என்று ஜனங்களுக்கு அவர் எப்படித் தைரியம் சொன்னார் என்று நான் உருகிக்கொண்டிருக்க, அக்கா நிமிராமலே கேட்டாள்.

"அதெல்லாம் சரி தம்பி. பேங்க எப்பத் தொறப்பேன்னு சொன்னாரா இல்லியா?"

கொட்டுகிற குளிரில் மேல்கோட்டுப் போடாமல் இரண்டு மணி நேரம் பேசி, ஒரே மாதத்தில் செத்துப்போன ஒருவரும் உண்டு. அப்போது நாட்டுக்கு இருந்த கஷ்டத்தைவிட அவருக்குத்தான் கஷ்டம் என்றேன். "ரெண்டு மணி நேரமா? பக்கத்துல இருந்து சட்டைய இழுத்து உக்கார வெக்க ஒரு ஆளு இல்லியா?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் மாமா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

அவளுக்குப் பிடித்தது ஒன்றுதான். உள்நாட்டுப் போர் முடியப்போகிற நேரத்தில் சில நிமிடங்களில் பேசி முடிக்கப்பட்ட உரை. ஜெயிக்கப்போகிறவர் ஜெயித்தோம் என்று மார் தட்டாமல், இந்தப் பாவத்தில் இரண்டு பக்கத்துக்கும் பங்கு இருக்கிறது என்கிற மாதிரிப் பேசியது. அதைச் சொன்னபோது அக்கா காய் ஆய்வதை நிறுத்திவிட்டாள். "தன்னையும் சேத்துக்கினுதான் சொன்னாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இவருதான் ஆளு" என்றாள். என் ஆய்வேட்டில் நாற்பது பக்கத்தில் நான் சொன்னது அதைத்தான். ஆனால் அந்த இரண்டு வார்த்தையைப் போட எனக்குத் துணிச்சல் இல்லை.

கொரோனா வந்த மறுவருஷம், தை மாதத்தில், அங்கே ஒரு புது அதிபர் பதவியேற்றார். நான் அதை மறுநாள் காலையில் திண்டிவனம் போகிற பஸ்ஸில் போனில் பார்த்தேன். கூட்டம் கூடக் கூடாது என்று ஜனங்கள் நிற்கிற மைதானம் முழுக்கக் கொடிகளை நட்டு வைத்திருந்தார்கள். பஸ்ஸிலிருந்தே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"கொடிங்களப் பாத்துக்கினா பேசினாரு? பாவமே. கொடி கை தட்டாதே தம்பி" என்றாள்.

அந்தச் சிரிப்பு அடங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. சித்திரையில் எங்கள் பக்கம் இரண்டாவது அலை ஆரம்பித்துவிட்டது. அக்கா தெருவில் மட்டும் நாலு பேர் போனார்கள். அவளுடைய மாமனாரும் அதில் ஒருவர். பஸ் இல்லை, ரோட்டில் தடுப்பு வைத்திருந்தார்கள், என்னால் போக முடியவில்லை. போனில் மாமா சொன்னார்: "காலனி ஆளுங்க வந்து எடுத்துக்கினு போய்ட்டாங்க மச்சான். எல்லாம் முடிஞ்சிபோச்சி." அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். அவள் வாங்கவில்லை.

புரட்டாசியில் ஊராட்சித் தேர்தல் வந்தது. அந்த ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு. நிற்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தவர் மாமா, நின்றது அக்கா, சுவரெல்லாம் அவள் பெயருக்குப் பக்கத்தில் மாமாவின் பெயர். ஜெயித்தாள். எங்கள் ஊர்களில் ஊராட்சித் தலைவரைப் பிரசிடெண்ட் என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"தம்பி, நானும் பிரசிடெண்டுதானே? பதவி ஏத்துக்கினா நானும் பேசலாம் இல்ல?"

"தாராளமா பேசலாம்க்கா!"

"ரெண்டு வார்த்தைதான். ஒரு விஷயம் சொல்லணும்னு மனசுல இருக்குது. அத சொல்லலாமா வேணாமான்னு உன்ன ஒரு வார்த்தை…"

"நீ ஒண்ணும் பேஜாரு பண்ணிக்காதக்கா. நான் எழுதிக்கினு வர்றேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு "சரி தம்பி" என்றாள். அந்தச் சத்தமில்லாத நேரத்தில் என்ன விஷயம் என்று நான் கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் நான் முதல் வரியை யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. யாருடைய உரைகளையோ கூறுபோட்டுக்கொண்டிருந்தவனுக்கு, எழுதிக் கொடுக்கச் சொந்தமாக ஒரு பிரசிடெண்ட் கிடைத்துவிட்டார். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் எழுதினேன். கல்லூரியில் ஆசிரியர் அறையில் எழுதினேன். ஆரம்பத்தில் துயரத்தைச் சொல்ல வேண்டும், நடுவில் ஒற்றுமை, கடைசியில் நம்பிக்கை என்று எனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் இறக்கினேன். பதினோரு பக்கம் வந்தது. விழுப்புரத்தில் டைப் அடித்துக் கொடுத்த பெண், "சார், இது யாரு பேசப் போறாங்க?" என்று கேட்டது. எங்கள் அக்கா என்றேன் பெருமையாக. "அவங்க காலேஜ்ல இருக்காங்களா?" என்றது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் சாமியானா போட்டு, சேற்றின் மேல் மணல் கொட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மாஸ்க் தாடையில் தொங்கியது. அக்கா அரக்குச் சேலை கட்டியிருந்தாள். அதிகாரி உறுதிமொழியைச் சொல்லச் சொல்ல, அவள் மைக்கில் திருப்பிச் சொன்னாள். எத்தனை வருஷம் கழித்து அந்தக் குரலை மைக்கில் கேட்கிறேன்! ஒரு பிசிறு இல்லை. பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தவன் அன்றைக்கு முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் பதினோரு பக்கத்தை அவள் கையில் கொடுத்தேன். முதல் முறையாக அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். முதல் பத்தியைப் படித்தாள். "பேரிடர் சூழ்ந்த இக்காலகட்டத்தில்" என்று தொடங்கும் அது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையின் குரலாகிவிட்டது அவள் குரல். இரண்டாவது பத்தியில் நின்றாள். தாளை மேஜை மேல் வைத்தாள். நிமிர்ந்து கூட்டத்தின் கடைசியைப் பார்த்தாள். மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

திக்கிவிட்டாள் என்று நினைத்தேன். முதல் வரிசையிலிருந்து அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் மானம் போகிறதே என்று எனக்குப் பதறியது. "மாமா, ஜல்தி, நீங்க படிங்க" என்று மாமாவின் முதுகில் கை வைத்துத் தள்ளியது நான்தான். மாமாவுக்கு வேறென்ன வேண்டும்? ஒரே எட்டில் மேடையேறித் தாளை எடுத்தார். மனுஷர் பிரமாதமாகப் படித்தார். நான் குரலை ஏற்ற வேண்டும் என்று நினைத்த இடத்தில் ஏற்றினார், இறக்க வேண்டிய இடத்தில் இறக்கினார். கைதட்டல் ஓயவே இல்லை. அக்கா பக்கத்தில் சால்வையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஊருக்கு மாமாதான் பிரசிடெண்ட். கிராம சபையில் அவர் பேசுவார், அக்கா கையெழுத்துப் போடுவாள். இது எங்கள் மாவட்டத்தில் புதிய விஷயம் இல்லை. நானே வகுப்பில் இதைக் கிண்டல் செய்து பாடம் நடத்தியிருக்கிறேன். அக்கா என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போன் செய்தால் எடுப்பாள். சாப்பிட்டியா, பிள்ளைங்க எப்பிடி இருக்குது, மழை பேஞ்சுதா. அவ்வளவுதான். எந்த அதிபரைப் பற்றிச் சொன்னாலும் "ஓ" என்பாள். அந்த "ஓ"வைக் கேட்டுப் போனை வைத்துவிட்டு எத்தனை நாள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன். மல்லாட்டை ஆய்ந்தபடி என்னைக் குத்திக் குத்திக் கேள்வி கேட்ட அந்த அக்கா எனக்கு வேண்டும். அவள் உயிரோடு, ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும்போதே அவளுக்காக ஏங்குவது என்ன பிழைப்பு என்று தோன்றும். ஏங்கினேன். வேறு வார்த்தை இல்லை.

இந்த வருஷத்தோடு பதவிக்காலம் முடிகிறது. போன மாதம் ஒரு நாள் மாமா போன் செய்து, விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு வந்திருக்கிறோம், முடிந்தால் வா என்றார். போனேன். மாமா ஃபைலோடு உள்ளே போயிருந்தார். பிரசிடெண்ட் வெளியே மரத்தடி சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து, பேப்பர் பொட்டலத்தில் வேகவைத்த மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஐந்து வருஷமாக ஒத்திகை பார்த்திருக்கிறேன். கடைசியில் மொட்டையாகத்தான் வந்தது.

"அக்கா, அன்னிக்கு நீ என்ன பேசணும்னு இருந்த?"

"என்னிக்கு?" என்றாள். தெரியாமல் கேட்கவில்லை. இன்னொரு காயை எடுத்து உரித்தாள்.

"நான் திக்கல தம்பி. பேப்பர வேணும்னுதான் கீழ வெச்சேன்."

நான் பொட்டலத்திலிருந்து கையை எடுத்தேன்.

"எங்க மாமனாரு செத்தப்ப ஒருத்தரும் கிட்ட வரல. உங்க மாமா ரோட்டுலயே நின்னுட்டாரு. பயம், அவரையும் ஒண்ணும் சொல்ல முடியாது. காலனியில இருந்து கரும்பு வெட்ட வருவாரே, உயரமா, அவருதான் ரெண்டு பசங்களக் கூப்பிட்டுக்கினு வந்தாரு. மழைக்கோட்டு மாதிரி எதையோ சுத்திக்கினு, எங்க மாமனாரைக் கொழந்தையத் தூக்கற மாதிரித் தூக்கினாரு. எல்லாம் முடிச்சுட்டு வந்து கேட்டுக்கு வெளிய நின்னு, தண்ணி குடுங்கம்மான்னாரு."

உரித்த பருப்பை வாயில் போடாமல் உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள்.

"நான் கேட்டத் தொறக்கல தம்பி. சொம்ப சந்து வழியா வெளிய தள்ளி வெச்சேன். நோவுக்குப் பயந்துதான்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். நோவு இல்லாத காலத்துல மட்டும் தொறந்தனா? அதத்தான் சொல்லணும்னு இருந்தேன். அவரு வீட்டுக்கு நானே போயி, பதவி ஏத்துக்கற அன்னிக்கு நீங்க வந்து நில்லுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். வந்திருந்தாரு. கடைசியில நின்னுக்கினு இருந்தாரு. எங்க வீட்டுப் பொணத்தத் தூக்கினவரு இவரு, இவருக்கு நான் கேட்டத் தொறக்கல, எனக்குப் பிரசிடெண்டா உக்கார அருகதை வேணும்னா மொதல்ல இவரு வந்து இங்க உக்காரணும், வாங்கண்ணே. இவ்வளோதான். மூணு வார்த்தை."

பதினான்கு வருஷம் படித்திருக்கிறேன். இப்படி ஒன்றை நான் எங்கும் படிக்கவில்லை. பதவியேற்பு உரைக்கு ஒரே ஒரு நாள்தான் உண்டு, அந்த நாள் போனால் அது வெறும் பேச்சு என்று என் ஆய்வேட்டின் முன்னுரையில் நானே எழுதியிருக்கிறேன்.

"இப்பப் போயி சொல்லலாம்க்கா. நானும் வர்றேன்" என்றேன்.

"போன வருஷம் மஞ்சக்காமாலையில போயிட்டாரு. கேள்விப்பட்டுப் போனேன். உள்ள வாங்கம்மான்னு அவரு சம்சாரம் கையப் புடிச்சிக் கூப்பிட்டுக்கினு போனாங்க. அவங்க வீட்டுக்குக் கேட்டே இல்ல தம்பி."

நான் அழுதேன். கலெக்டர் ஆபீசில் அழுகிறவர்களை யாரும் நின்று பார்ப்பதில்லை. அது ஒரு சௌகரியம். அக்கா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "உன் மேல தப்பு இல்ல. நானும் கேட்டுக்கினு சும்மா நின்னுட்டேன் இல்ல?" என்றாள். தன்னையும் சேர்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

மாமா வெளியே வந்தார். முகமெல்லாம் பல். "மச்சான், சேதி தெரியுமா? அடுத்த தபா நம்ம ஊரு பொதுவாம், பேச்சு அடிபடுது. நானே நிக்கலாம்னு இருக்கேன். ஜெயிச்சா நீதான் எழுதிக் குடுக்கணும், ஆமாம். அன்னிக்கு எழுதின மாதிரியே!"

"நான் எழுத மாட்டேன் மாமா" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "பொதுன்னா பொம்பளைங்களும் நிக்கலாம். அக்கா நிக்கட்டும். அவ பேசட்டும். யாரும் எழுதிக் குடுக்க வேணாம்."

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என் தோளில் தட்டிச் சிரித்தார். கிண்டல் இல்லை, நிஜமான பரிவோடுதான் சொன்னார்: "அவளுக்கு மைக்குன்னா பயம் மச்சான். நீயும் நானும் அன்னிக்கே பாத்தோமே."

நான் அக்காவைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"ஆமாம் தம்பி, எனக்குப் பயம்தான்" என்றாள்.